சிகிச்சையோடு வேலையும் வேண்டும்

டெல்லி நீதித்துறைப் பணித் தேர்வில் தேறிய இளைஞர் ஒருவருக்குப் பணி மறுக்கப்பட்டது. அவருக்கு இருந்தது பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் இடம் தர அது நிரந்தரக் குறைபாடு அல்ல என்றது நிர்வாகம். டெல்லி உயர் நீதிமன்றம் 2020-இல் அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நிபுணர் குழு ஆராய்ந்த பிறகு, 2021-இல் அவருக்கு வழி திறந்தது.

உச்ச நீதிமன்றம் வரை போராட எத்தனை பேரால் முடியும்? பெரும்பாலோருக்கு நோயின் பெயர் தெரிந்த அன்றே படிப்பும் வேலையும் முடிந்துவிட்டதாக வீட்டார் தீர்மானித்துவிடுகிறார்கள். பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோதான் இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. வாழ்க்கையைத் தொடங்கும் வயதில் ஒருவரை மூலையில் உட்கார வைப்பது, நோயைவிடப் பெரிய கொடுமை.

சில நாட்கள் தூக்கமே இல்லாமல் ஓயாத பேச்சு, கைமீறிய செலவு, பெரும் திட்டங்கள். பிறகு படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு. இவற்றுக்கு இடையே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடப் பலர் நலமாக இருக்கிறார்கள். அந்தக் காலத்தை நீட்டிக்க மருந்து உண்டு. அவற்றுள் ஒன்றான லித்தியத்தின் பயனை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் உலகுக்குச் சொன்னார். இந்த நோயுடனேயே வாழ்ந்து, அதையே ஆராய்ந்து, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன்.

ஆனால் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் இந்நோய் உள்ளவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அது எளிதல்ல. லித்தியத்தின் அளவு சற்று கூடினாலும் நஞ்சாகும். அதனால் இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டும். இதற்காக ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறுபவர், எத்தனை முறை வருவார்?

'வேலை நேரத்தில் நோய் திரும்பினால்?' என்ற கேள்வி நியாயமானதே. பதிலும் உண்டு. தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கம் குறைந்தும் களைப்பு தெரியவில்லை என்றால், அது எச்சரிக்கை மணி. அதைப் பயமின்றி மேலாளரிடம் சொல்ல முடிகிற இடத்தில் சில நாள் விடுப்பு போதும். மறைக்க வேண்டிய இடத்தில்தான் நிலைமை முற்றுகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் கணக்கில் கொள்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் செலவில் நடக்கும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. சட்டம் இருக்கிறது, நடைமுறைதான் வேண்டும்.

வட்ட அரசு மருத்துவமனைகளில் லித்தியமும் ரத்தப் பரிசோதனையும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். நிறுவனங்கள் இரவுப் பணியிலிருந்து இவர்களுக்கு விலக்களிக்க வேண்டும். கல்லூரிகள், இடைநின்றவர் அதே ஆண்டிலேயே திரும்பச் சேர வழி செய்ய வேண்டும். பெற்றோரும் பிள்ளையின் கனவைக் கைவிடக் கூடாது. காலையில் எழுந்து போக ஓர் இடமும், நம்பி ஒப்படைத்த ஒரு பொறுப்பும் இருந்தால்தான் மாத்திரையை விடாமல் போட மனம் வரும். அதை உறுதி செய்வது அரசின் கடமை. நம் அனைவரின் கடமையும்கூட.