பல் தேய்ந்தால் பள்ளம் ஆழமாகாது!

2011 டிசம்பர் 30. "தானே" புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியது. முந்திரித் தோப்புகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்தன. ஊர்கள் இருண்டன.

மின்சாரக் கேபிளை மண்ணில் புதைத்துவிட்டால் புயல் என்ன செய்யும்? நல்ல யோசனைதான். ஆனால் ஆழம் வேண்டாமா?

11 ஆயிரம் வோல்ட் கேபிள் 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 3 அடி ஆழத்தில் இருக்கவேண்டும். கேபிளைச் சுற்றி மணல், அதன்மேல் செங்கல்.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் செம்மண் பூமி. காய்ந்தால் கல்தான்! விலை மலிவு என்று சின்ன எந்திரம் வாங்கினால் அது திணறும். மண்ணைப் பார்த்து எந்திரம் வாங்கவேண்டும். வேலை முடிந்ததும் கழுவவேண்டும். தேய்ந்த பல்லை உடனே மாற்றவேண்டும்.

இல்லாவிட்டால் பள்ளம் ஆழமாகாது. நாளை ஓர் ஏழை விவசாயியின் கடப்பாரை கேபிளில் பாயும். எந்திரத்தின் பல் பெரிதா? மனிதனின் உயிர் பெரிதா?

உங்கள் தெருவில் பள்ளம் தோண்டுகிறார்களா? "3 அடி இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!