பந்தயத்துக்காக ஓடியவர்
எட் விட்லாக் லண்டனில் மாணவராக இருந்தபோதே பந்தயங்களில் ஓடியவர். சுரங்கப் பொறியாளராகக் கனடா போனபின் விட்ட ஓட்டத்தை நாற்பதை ஒட்டிய வயதில் மீண்டும் பிடித்தார். 2004இல், 73 வயதில், டொரன்டோ மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் முடித்த கதை பலருக்கும் தெரியும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது வேறொன்றால். மில்டன் ஊரில் வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தை மணிக்கணக்கில் சுற்றிச்சுற்றி ஓடிய அந்த மனிதர், பயிற்சியில் தனக்கு இன்பமே இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவந்தார். அவருக்கு வேண்டியது பந்தயம், சாதனை. வயதானவர் ஓடினால் சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு என்று நாமே காரணம் எழுதிவிடுகிறோம். ஜெயிக்கும் ஆசை அவர்களுக்கும் இருக்காதா? அந்த ஆசையோடுதான் 2016இல், 85 வயதில், அதே டொரன்டோவில் ஓடி 4 மணி நேரத்துக்குள் முடித்தார்.