கொழுக்கட்டைக்குள் மருந்து

நிபோங் திபாலைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனை மரங்கள்தான். அந்தப் பழத்தின் எண்ணெய் பொரிக்கவும் சோப்புக் காய்ச்சவும் மட்டுமல்ல, மருந்தைச் சுமக்கவும் உதவும்.

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரைத் தேடும். வால் எண்ணெயைத் தேடும். அதனால்தான் அழுக்கு கழன்று வருகிறது. இவ்வகைப் பொருளுக்கு 'சர்ஃபாக்டண்ட்' என்று பெயர். அவற்றில் மின்னேற்றம் இல்லாத, உடலை அவ்வளவாக உறுத்தாத சிலவற்றைக் கொலஸ்டராலோடு சேர்த்து நீரில் பக்குவமாகக் கலந்தால், கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளாகச் சுருண்டுகொள்ளும். அதுதான் நியோசோம்.

நம் வீட்டுக் கொழுக்கட்டை மாதிரிதான். பூரணம் இருக்கும் இடத்தில் நீரில் கரையும் மருந்து. மாவுச் சுவருக்குள் எண்ணெயில் கரையும் மருந்து. கொலஸ்டரால் சுவரை இறுக்கிப் பிடிப்பதால் மருந்து மெல்ல மெல்லவே கசியும். சுவருக்கு அதிகம் பயன்படும் சார்பிட்டன் மோனோஸ்டியரேட்டுக்குத் தேவையான ஸ்டியரிக் அமிலத்தைப் பாமாயிலிலிருந்து எடுக்கலாம். மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம்.

எதற்கு இவ்வளவு பாடு? டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து, கட்டியோடு சேர்த்து இருதயத்தையும் பதம் பார்க்கும். அதை லிபோசோம் என்ற பைக்குள் அடைத்தபோது இருதயத்துக்கான ஆபத்து குறைந்தது. அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்ற 'டாக்சில்' அதுதான். லிபோசோமின் மலிவான, எளிதில் கெடாத உறவுக்காரர்தான் நியோசோம்.

ஆனால் நியோசோம் முதலில் போன இடம் மருத்துவமனை அல்ல, அலங்கார மேசை! 1970களில் அதை உருவாக்கியது பிரான்சின் லோரியால் நிறுவனம். 1980களில் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஃபுளோரன்ஸ் குழுவினர் அதில் மருந்தை ஏற்றி ஆராயத் தொடங்கிய காலத்திலேயே, முகப்பூச்சு கடைக்கு வந்துவிட்டது. பூச்சு சற்றுக் கசிந்தால் யாருக்கும் நட்டமில்லை. மருந்து அப்படியா? அளவும் நேரமும் தவறக்கூடாது. பை அலமாரியில் மாதக்கணக்கில் ஒட்டாமல், ஒழுகாமல் இருக்கவேண்டும். அதனால்தான் தாமதம்.

இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நுழைகிறது. அறிவிப்பாளராக என் கைக்கும் ஒரு விளம்பரப் பிரதி வந்தது: 'நானோ கிரீம், மூட்டுவலி பறந்துபோகும்!' அனுமதி எண் கேட்டேன், பதில் இல்லை. நான் வாசிக்கவில்லை. நம் நாட்டில் மருந்து விளம்பரத்துக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

இரவுச் சந்தையில் 'நானோ' என்று எழுதிய டப்பாவை அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். பதிவு பெற்ற மருந்தென்றால் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். 'என்ஓடி' என்று தொடங்கினால் அது அழகுசாதனம். நோயைத் தீர்க்கும் என்று சொல்ல அதற்கு உரிமையில்லை. எந்த எண்ணும் இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வலிக்கு கிளினிக் இருக்கிறது.