ஞாயிறு உலா: திராட்சை மது ஊறும் வீடு

நாசிக் என்றவுடன் நம்மவர்க்குப் பஞ்சவடியும் இராமகுண்டத் துறையும் திரியம்பகேசுவரமுமே நினைவிற்கு வரும். சங்கத்து அன்பர்கள் குடும்பத்தோடு வந்து கோதாவரியில் நீராடி மாலை வண்டியில் திரும்பிவிடுகின்றனர். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்துள்ள திராட்சைத் தோட்டங்களையும் அவற்றினூடே எழுந்துள்ள ஒயின் சாலைகளையும் எட்டிப் பார்ப்போர் சிலரே. "மது உண்டாக்கும் இடத்தில் நமக்கு என்ன வேலை?" என்பார் பலர். என் இல்லத்திலும் இக்கேள்வி எழத்தான் செய்தது.

நிற்க. என்னுடன் பார்சல் அலுவலகத்தில் பணியாற்றும் மராத்திய நண்பர் ஒருவரின் தாய்மாமனுக்குத் திண்டோரிப் பக்கம் ஆறு ஏக்கர் திராட்சை உண்டு. பாதி உண்பதற்கான பழம்; பாதி ஒயினுக்கான பழம். அங்கேயே தந்தையும் மகனும் மருமகளுமாக ஒரு சிறு ஒயின் சாலை நடத்துகின்றனர். அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு பிப்ரவரி ஞாயிறன்று நானும் என் மனைவியும் அங்குச் சென்று வந்தோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சையைப் பந்தலில் கண்டு பழகியவர்களுக்கு, ஒயின் திராட்சைத் தோட்டம் வேலி அடைத்தாற்போலத் தோன்றும். கம்பிகளில் கொடியை நிமிர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பனிக்காலம் கொடியை உறங்க வைக்கிறது. இங்கு அத்தகைய குளிர் இல்லை. ஆகவே கத்தரிதான் அவ்வேலையைச் செய்யவேண்டும். ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் மறு கவாத்து. இரண்டு கவாத்துக்கும் அறுவடை ஒன்றுதான், ஜனவரி முதல் மார்ச் வரையில். அந்நாளில் பருவம் தவறிய மழையோ ஆலங்கட்டியோ விழுந்தால் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போயிற்று.

உண்ணும் பழத்தைப் பருக்கவைக்க ஜிப்பரெல்லிக் அமிலக் கரைசலில் குலைகளை முக்குகிறார்கள். ஒயின் பழத்திற்கு அச்சீராட்டு இல்லை. அது சிறுத்தே இருக்கவேண்டும். ஒரு குலையிலிருந்து நாலைந்து பழம் தின்று பார்த்தேன். கடைப் பழத்தைவிட இனிப்பு மிகுதி. ஆனால் தடித்த தோலும் விதையும் வாயை நிறைத்துவிட்டன. சந்தையில் இதை எவரும் வாங்கமாட்டார். ஒயின் பழம் பயிரிடுவோர்க்கு ஒயின் சாலையை விட்டால் வேறு போக்கிடமில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அவ்வீட்டார் பட்ட பாடும் அதுவே. 2001 ஆம் ஆண்டில் மகாராட்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, ஒயினுக்குக் கலால் வரிச் சலுகையும் அளித்தது. சாலைகள் பெருகின, உழவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒயின் கொடி நட்டனர். 2008 இல் உலகப் பொருளாதாரச் சரிவு. அவ்வாண்டு நவம்பரில் பம்பாய்த் தாக்குதல். சுற்றுலாவினர் வரவு குறைந்தது, விற்பனை விழுந்தது, தொட்டிகளில் ஒயின் தேங்கிற்று. இக்குடும்பத்திடம் பழம் வாங்கிவந்த நிறுவனம் கையை விரித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் பலர் கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தனர்.

"நாங்களும் கடப்பாரையை எடுத்துவிட்டோம், பாபு" என்றார் மாமா. "என் பையன்தான் தடுத்தான். பழத்தை வைத்துக்கொண்டு பிறர் வாசலில் நிற்பதைக் காட்டிலும் நாமே பிழிந்து வைப்போம் என்றான்." வங்கிக் கடனில் இரண்டு எஃகுத் தொட்டிகள் வந்தன. இன்று ஐந்து இருக்கின்றன. கடனும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இதைவிடக் கடினமான தடையொன்று வீட்டினுள்ளேயே இருந்தது. மாமாவின் தாயார், எல்லோரும் ஆஜி என்றழைக்கும் மூதாட்டி, கழுத்தில் துளசிமணி அணிந்த வார்க்கரி நெறியினர். ஆடி ஏகாதசிக்குப் பண்டரிபுரம் நடந்து சென்றவர். புலாலும் மதுவும் அவர்கட்கு விலக்கு. பழக்கூடைகளை எண்ணிக் கணக்கு வைப்பவர் இன்றும் அவரே. ஆனால் தொட்டி அறையின் வாயிற்படியை இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் அவர் மிதித்ததில்லை. மகனும் பேரனும் அவரை வற்புறுத்தியதில்லை. அவரும் அவர்களைச் சபித்ததில்லை. என் மனைவிக்கு அன்று கண்ட அனைத்திலும் ஆஜியே பிடித்துப்போனார். இருவரும் பொதுமொழி ஏதுமின்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

தொட்டி அறைக்குள் குளிரும் புளித்த மணமும் ஒருங்கே முகத்தில் மோதின. கறுப்புத் திராட்சையின் சதைச்சாறு ஏறத்தாழ நிறமற்றது. சிவப்பு முழுதும் தோலிலிருந்தே வருகிறது. ஆகவே சிவப்பு ஒயினுக்குத் தோலோடு ஊறவிடுவர். வெள்ளைக்கு முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுவர். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும்போது எழும் வாயு தோல்களை மேலே தள்ளுகிறது. அவற்றை நாள்தோறும் பலமுறை கீழே அமிழ்த்தவேண்டும். அது மகனின் வேலை. வாயு தேங்கிய தொட்டிக்குள் தலையை நீட்டினால் மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து என்று எங்களை எட்டி நிற்கச் சொன்னார். போத்தனூர் ரயில்வே காலனியில் கிறிஸ்துமஸை ஒட்டி ஆங்கிலோ இந்தியர் வீட்டு ஜாடிகளில் ஊறிய ஒயினை அறிந்தவர்கள், சர்க்கரையும் பட்டையும் எங்கே என்று கேட்கக்கூடும். இங்கு அவை இரண்டுமில்லை.

பின்னர்ச் சுவை பார்த்தோம். அதாவது நான் பார்த்தேன், என் மனைவி முகர்ந்தாள். மருமகள் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறு வாயில் உலவவிடச் சொன்னார். விழுங்காமல் உமிழவும் ஒரு பாத்திரம் வைத்திருந்தார். முதலில் செனின் பிளாங்க் என்னும் வெள்ளை. எனக்குப் புளிப்பு மட்டுமே தெரிந்தது. "கொய்யாப்பழ வாசனைங்க" என்றாள் என் மனைவி. "சரியாகச் சொன்னீர்கள்" என்றார் மருமகள். அடுத்து வந்த சாவிஞோன் பிளாங்க் அறுத்த புல்லும் குடமிளகாயும் போல் மணந்தது. அது எனக்கு உவப்பாயில்லை. ஷிராஸ் என்னும் சிவப்பில் நாவற்பழமும் மிளகும் இருந்தன. விழுங்கிய பின் நாவும் ஈறும் இழுத்துப் பிடித்தன. நான் சொல் தேடுமுன் மாமாவே "துரட்" என்றார். நம் துவர்ப்புக்கு மராத்திச் சொல் அதுவாம். பாக்கும் வாழைப்பூவும் நெல்லியும் உண்டு வளர்ந்த நம் நாவிற்கு இச்சுவை புதிதன்று. தோலும் விதையும் தரும் அத்துவர்ப்பே சிவப்பு ஒயின் நெடுநாள் கெடாதிருக்கத் துணைசெய்கிறதாம்.

2022 ஜனவரியில் பெருங்கடைகளில் ஒயின் விற்க மாநில அமைச்சரவை இசைந்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. உழவர் நலம் என்றனர் ஒரு சாரார், குடி பெருகும் என்றனர் மறு சாரார். குடியால் அழிந்த வீடுகளை நம் ஊர்களில் கண்டவன் நான். எதிர்த்தவர்களின் அச்சத்தை வீண் என்று சொல்லமாட்டேன். ஒயினிலும் 100 பங்கில் 12 முதல் 14 பங்கு சாராயம் உண்டு. ஆயினும் அச்சத்தோடு ஒரு கணக்கையும் பார்க்கவேண்டும். ஒரு புட்டிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பழம் வேண்டும். அப்பழத்தைப் புட்டியில் அடைத்தபின், விலை படியும்வரை பொறுத்திருக்க அவ்வுழவரால் முடிகிறது. பார்சல் அலுவலகத்தில் வெயிலில் காத்துக் கசியும் பழப்பெட்டிகளை ஆண்டுதோறும் காணும் எனக்கு, அந்தப் பொறுமையின் மதிப்பு தெரியும்.

செல்ல விரும்பும் அன்பர்கள் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரத்திற்குள் செல்க. சிறு சாலைகளில் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போவது நலம். அறுவடை நாளில் உபசரிக்க ஆளிராது. புட்டி வாங்குவோர் அதைச் சமையலறைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வெப்பம் அதற்குப் பகை. சூரத், அகமதாபாத் அன்பர்களுக்கு ஒரு சொல்: குஜராத்தில் 1960 முதலும், பீகாரில் 2016 முதலும் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. புட்டியோடு வண்டியேறி வழக்கில் சிக்கிக்கொள்ள வேண்டா. மாமாவின் தோட்டத்து உண்ணும் பழமும் நன்றாகவே இருக்கிறது. நாங்கள் நாலு கிலோ வாங்கினோம். ஆஜி தம் கையால் எடை போட்டு, மேலும் ஒரு குலையை வைத்துக் கொடுத்தார்.