நாற்பதைத் தாண்டியவர் மீது பழி போடாதீர்கள்!

2025 அக்டோபர் 14ந் தேதி மட்காவ் மைதானத்தில் நமது கால்பந்து அணி சிங்கப்பூரிடம் 2–1 என்று தோற்றது. 2027 ஆசியக் கோப்பைப் போட்டிக்குள் நுழையும் வாய்ப்பு அன்றோடு போயிற்று. மறுநாளே பழி சுமத்த ஆள் தேடும் படலம் துவங்கிவிட்டது. கிடைத்த ஆள் யார்? 41 வயதான சுனில் சேத்ரி! கிழவரை வைத்துக்கொண்டு ஆடினால் இப்படித்தான் முடியும் என்கிறார்கள் ஒரு சாரார். இக்காலத்து வாலிபர்களுக்குத் திராணி இல்லை, அதனால்தான் கிழவரைக் கூப்பிட வேண்டி வந்தது என்கிறார்கள் இன்னொரு சாரார். டீக்கடைப் பெஞ்சிலும் இதே சண்டைதான்.

இரு கோஷ்டியாரையும் நாம் கேட்கிறோம்: அதற்கு ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 18ந் தேதி டாக்காவில் நடந்தது என்ன? அங்கே சேத்ரி இல்லை. அவரைவிட இளையவர்களே ஆடினார்கள். வங்காள தேசம் 1–0 என்று வென்றது. 22 ஆண்டுகளில் அவர்கள் நம்மை வென்றது அதுவே முதல் தடவை. முதியவர் இருந்தார், தோற்றோம். முதியவர் போனார், அப்போதும் தோற்றோம். வியாதி வயதில் இல்லை என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

வாலிபர்களுக்குத் திராணி இல்லை என்பதும் பொய். அதே 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் காலித் ஜமீல், சேத்ரியைச் சேர்க்காமலே தஜிகிஸ்தானுக்கு அணியைக் கொண்டு போனார். மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் ஓமானை வென்று மூன்றாம் இடம் பெற்றுத் திரும்பினார்.

அப்படியானால் சேத்ரியை ஏன் திரும்ப அழைத்தார்கள்? அவர் 2024 ஜூன் 6ந் தேதி கல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு ஓய்வு பெற்றவர். தேசத்துக்காக 94 கோல் போட்டவர். அந்த 2024ம் ஆண்டு முழுவதும் நமது அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் அன்றைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் அவரை மீண்டும் அழைத்தார். ஷில்லாங்கில் மாலத்தீவை 3–0 என்று வென்ற ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார். அழைத்ததற்குக் காரணம் தாட்சண்யம் அல்ல. 2024–25 இந்தியன் சூப்பர் லீக்கில் இந்தியர்களிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான்: 14 கோல். நாற்பது வயதில்!

இதற்குச் சேத்ரி வெட்கப்பட வேண்டுமா? இருபத்திரண்டு வயது வாலிபன் வெட்கப்பட வேண்டுமா? இந்த லீக்கை நடத்தியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்! 2014ல் லீக் துவங்கிய நாள் முதல், கோல் போடும் இடத்தில் பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்டக்காரரையே கிளப்புகள் நிறுத்தி வருகின்றன. நமது பையன் ஓரத்தில் ஓடுகிறான். இல்லையேல் பெஞ்சியில் உட்கார்ந்து கை தட்டுகிறான். வெளிநாட்டுக்காரர் மீது நமக்குத் துவேஷம் கிடையாது. அவரும் கால் வலிக்க ஓடிப் பிழைப்பவர்தான். நாம் கேட்பது ஒன்றே: ஆடவே விடாத பையனிடம் அனுபவம் எங்கிருந்து வரும்?

உத்திரமேரூர்ப் பக்கத்தில் உழவு மாடு வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதுக் காளையை யாரும் தனியாக நுகத்தில் பூட்ட மாட்டார்கள். பழகிய எருதோடு ஜோடி சேர்ப்பார்கள். இளசு திமிறும், இழுக்கும், சால் கோணும். பழையது நிதானமாக நடந்து அதைச் சாலுக்குள் கொண்டு வரும். சில நாள் போனால் பாரத்தை இளசு வாங்கிக்கொள்ளும், பழையதற்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பழைய எருதை விற்றுவிட்டு இரண்டு புதுக் காளைகளைப் பூட்டுபவனும் முட்டாள். பழையதைச் சாகும்வரை ஓட்டிவிட்டு, தொழுவத்தில் நின்ற காளையைக் குறை சொல்பவனும் முட்டாள்.

நமது கால்பந்திலும் இந்த ஜோடி இருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற அணியில் பி.கே. பானர்ஜிக்கு வயது 20. ஆறு ஆண்டு கழித்து, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் வாங்கியபோது அவர் அனுபவஸ்தர்; அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது. கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜும் மெல்போர்ன் பார்த்தவர்தான். இடையில் வந்து சேர்ந்த ஜர்னைல் சிங், தலையில் தையலோடு ஆடி மற்ற கோலைப் போட்டார். இவர்களைப் பிணைத்தவர் ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம். ஒரே ஆசிரியர், ஆண்டுக்கணக்கான பழக்கம், ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் சேர்ந்த புது ஆட்கள். 1962ன் மூத்தவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை, 1956ல் பயிரிடப்பட்டவர்கள்.

அதற்குப் பின்னும் சரடு அறுந்துவிடவில்லை. 1995ல் பதினெட்டு வயதில் பாய்ச்சுங் பூட்டியா தேசிய அணிக்குள் வந்தபோது ஐ.எம். விஜயன் இருந்தார். 2005ல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக 20 வயதுச் சேத்ரி முதல் ஆட்டம் ஆடிக் கோல் போட்ட காலத்தில் பூட்டியா இருந்தார். சேத்ரிக்குப் பக்கத்தில் யாரைப் பூட்டினார்கள்? பத்தொன்பது ஆண்டு அவரையே ஓட்டினார்கள்! 2022 உலகக் கோப்பையில் 35 வயது மெஸ்ஸியோடு 21 வயது என்ஸோ பெர்னாண்டஸும் 22 வயது ஜூலியன் அல்வாரெஸும் ஆடியதை டி.வி.யில் நாமெல்லாம் பார்த்தோம். அர்ஜென்டினா கோப்பையைக் கொண்டு போனது.

மூத்தவனையும் இளையவனையும் மோதவிடும் வித்தை நமக்குப் புதிதல்ல. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிற தொழிலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். நிரந்தரத் தொழிலாளி சம்பளம் கேட்டால் டிரெயினியைக் காட்டுவார்கள். டிரெயினி நிரந்தரம் கேட்டால் அனுபவம் போதாது என்பார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்?

கால்பந்தில் யாருக்கு லாபம் என்பதும் 2025லேயே வெளிச்சமாயிற்று. 2010ல் சம்மேளனம் 700 கோடி ரூபாய்க்குப் பதினைந்து ஆண்டுக்கு வியாபார உரிமையை ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. 2025 டிசம்பரில் கெடு முடியும் என்பது பதினைந்து ஆண்டாகத் தெரிந்த விஷயம். இருந்தும் புது ஒப்பந்தம் வரவில்லை. ஜூலையில் லீக்கை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில், சேத்ரி ஆடும் பெங்களூர் கிளப் முதல் அணியின் ஆட்டக்காரர், ஊழியர் சம்பளத்தைக் காலவரையறையின்றி நிறுத்தியதாக அறிவித்தது. சென்னை கிளப்பும் முதல் அணியின் வேலைகளை நிறுத்தியது. கதவடைப்பு என்றால் வேறென்ன? சம்பளத்தை நிறுத்தியபோது நாற்பது வயது, இருபது வயது என்று யாரும் பேதம் பார்க்கவில்லை!

சரி, சம்மேளன நாற்காலியில் வயதுக் கணக்கு எப்படி? பிரபுல் படேலின் பன்னிரண்டு ஆண்டுத் தவணை 2020 டிசம்பரில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பிறகுதான் நாற்காலி காலியாயிற்று. ஆட்டக்காரர்களுக்கும் வாக்கு தருவது என்ற ஏற்பாடு வந்தது; பீபா சம்மேளனத்தைத் தடை செய்ததும் அது கைவிடப்பட்டது. செப்டம்பர் 2ந் தேதி தேர்தலில் பூட்டியாவுக்குக் கிடைத்த வாக்கு ஒன்றே ஒன்று. எதிராளிக்கு 33. வென்றவரும் முன்னாள் கோல் காப்பாளர்தான், மறுக்கவில்லை. ஆனால் வாக்களித்தவர்களில் பந்து உதைப்பவர் எத்தனை பேர்?

டில்லித் தலைவர்கள் ஜனநாயகம் பேசும்போது நமது உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக் காட்டுவது வழக்கம். எல்லாவற்றையும் படித்தார்களா? பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. 919ல் வாரியத்துக்கு வர வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டே ஆண்டில், 921ல், முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்று திருத்தினார்கள். இளைஞனுக்கு வாசல் குறுகிற்று, பெரியவருக்கு அகன்றது. குடத்திலிருந்து ஓலை எடுக்க மட்டும் ஒரு சிறுவன்! நிலமும் சொந்த மனையும் இல்லாதவன் பெயர் குடத்தில் விழவே இல்லை. ஆகவே அதைப் பொற்காலம் என்று நாம் பாடத் தயாரில்லை. ஆனால் அதே கல்லில் இரண்டு நல்ல விதிகளும் உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் மறுபடி வரக்கூடாது, மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவனும் வரக்கூடாது. டில்லியார் 2025ல் கொண்டு வந்த விளையாட்டு நிர்வாகச் சட்டத்தில் என்ன செய்தார்கள்? எழுபது என்றிருந்த வயது வரம்பை, சர்வதேச விதி இடம் கொடுத்தால் எழுபத்தைந்து வரை நீட்டிக்கொண்டார்கள்! 921ம் ஆண்டின் திருத்தம் மட்டும் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. சேத்ரிக்கு 41 வயது அதிகமாம்!

நமது கோரிக்கைகள் புரியாதவை அல்ல. ஒவ்வொரு கிளப்பும் முன்வரிசையில் ஒரு இந்திய வாலிபனை ஆட்டத்தில் இறக்கியாக வேண்டும் என்று லீக் விதி எழுதட்டும். ஓய்வு பெறும் ஆட்டக்காரரை மாலை போட்டு அனுப்பாமல், சம்பளம் கொடுத்து ஜில்லாவுக்கு ஜில்லா பயிற்சிக்கு அமர்த்தட்டும். ஷிப்டு முடிந்தும் அறுப்பு முடிந்தும் வருகிற வாலிபர் ஆட, தாலுகாவுக்கு ஒரு திடலாவது மாலையில் பூட்டாமல் இருக்கட்டும். ஆட்டக்காரருக்குச் சம்மேளனத்தில் வாக்கு வேண்டும். அந்த 700 கோடியில் எவ்வளவு வந்தது, எந்த ஊர்ப் பிள்ளைகளின் திடலுக்குப் போனது என்ற கணக்கையும் வெளியிட வேண்டும்.