தாடை நோவும் மருந்தில்லா ஊசியும்

சென்ற வாரம் ரொறன்ரோவிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, உங்களுக்குக் கழுத்துக்குள்ள ஊசி குத்தினவை எண்டு சொன்னீங்கள். இங்க எனக்கும் குத்தப் பார்க்கினம். பத்துத் தரத்துக்குச் சேர்த்துக் காசு கட்டினால் மலிவாம். கட்டட்டோ?" என்று கேட்டாள். உடனடியாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததையே வாசகர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்தவற்றுள் என்னைவிட்டுப் பிரியாதிருப்பது இந்தக் கழுத்து நோவே. தொண்ணூறுகளின் முற்பகுதியில் கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டில் நான் சேர்ந்தபோது, மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பிராந்திய நிருபர்கள் தொலைபேசியிலேதான் செய்தி சொல்வார்கள். ரிசீவரை இடது காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வலது கையால் எழுதவேண்டும். இணைப்பு எந்நேரமும் அறுந்துபோகலாம் என்பதால் அவர்கள் அவசரமாகச் சொல்வார்கள். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவோம். இறந்தவர்களின் பெயர்களை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிய இரவுகள் அவற்றுள் அநேகம். பல்லைக் கடித்துக்கொண்டு என்றது வெறும் மரபுத்தொடர் அன்று என்பதை ஒரு பல் வைத்தியர்தான் எனக்கு உணர்த்தினார். என் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. உறக்கத்திலும் நான் பல்லை நெருமுகிறேனாம். சொத்தைப் பல் என்று எண்ணிப் பிடுங்குவிக்கப் போனவனை, பல்லிலே குற்றமில்லை, தசையிலேதான் என்று கூறி ஓர் இயன்மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்.

அந்த இயன்மருத்துவர் என் மகளின் வயதையொத்த பெண். தோளின் மேற்புறத் தசையை இரு விரல்களால் பற்றி உயர்த்தி அழுத்தினார். நோ கழுத்தின் பக்கமாக ஏறிக் கன்னப்பொறியில் வந்து நின்றது. "இதுதானே சேர் உங்கட தலையிடி?" என்றார். அதுவேதான். பிறகு ஊசி. மயிரளவு மெல்லியது, உள்ளே துவாரம் இல்லை, மருந்தும் இல்லை. உலர் ஊசி என்னும் பெயர் அதனாலேயே வந்தது. தசைக்குள் அது இறங்கியதும், மீன் துடிப்பதைப்போல ஒரு துடிப்பு. தாடையை மூடும் கன்னத் தசையிலும் அவ்வாறே ஏற்றினார். இரண்டு நாட்கள் கன்றிப்போனதுபோல நோ இருந்தது. மூன்றாம் நாள், பல மாதங்களின் பின்னர், வாயை முழுமையாகத் திறந்து கொட்டாவி விட்டேன்.

இதனை அக்குபங்சர் என்று சொன்னால் இயன்மருத்துவர்கள் கோபிக்கிறார்கள். இல்லையென்றால் அக்குபங்சர்காரர் கோபிக்கிறார்கள். இலங்கையருக்கு ஊசி வைத்தியம் புதிதன்று. களுபோவில வைத்தியசாலையில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய சீன ஊசிகளைக்கொண்டு சிகிச்சையளித்த காலத்தைப் பலர் அறிவர். ஆயினும் உலர் ஊசியின் வம்சாவளி வேறு. கென்னடியின் முதுகுநோவுக்குச் சிகிச்சையளித்து, 1961இல் வெள்ளை மாளிகை வைத்தியரான ஜனற் ட்ரவெல் என்ற பெண்மணி, தசைகளில் நோவைத் தூண்டும் புள்ளிகளைத் தேடி அவற்றில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஏற்றினார். அவரும் டேவிட் சைமன்ஸும் சேர்ந்து எழுதிய பெருநூலின் முதற் தொகுதி 1983இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1979இல், செக் நாட்டு வைத்தியர் கரெல் லெவிற், பயன் மருந்தினால் அன்றி ஊசியினாலேயே விளைகிறது என்று எழுதியிருந்தார். சீன மரபிலோ, அழுத்தும்போது நோகும் இடத்திலேயே ஊசி குத்தும் முறைக்கு 'ஆ, அதேதான்!' என்று பொருள்படும் பெயரே உண்டு. என் தோளை அந்தப் பெண் அழுத்தியபோது என் வாயிலிருந்து வந்ததும் ஏறத்தாழ அதுதான். ஒரே கதவை இரு சாரார் இரு சாவிகளால் திறந்துகொண்டு, வீடு யாருக்குரியது என்று வழக்காடுகிறார்கள். அமெரிக்காவில் இது உண்மையாகவே நீதிமன்றம் வரை போயிற்று. வட கரோலைனாவின் உச்ச நீதிமன்றம் 2018இல் இயன்மருத்துவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

என்னைப்போன்ற பத்திரிகையாளருக்கு ஊசி என்றதும் ஞாபகம் வருபவர் ஜேம்ஸ் ரெஸ்ரன். நியூயோர்க் ரைம்ஸின் பெயர்பெற்ற எழுத்தாளர். 1971 ஜூலையில் பீக்கிங் சென்றிருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அது வழக்கமான மரப்பு மருந்து ஏற்றியே செய்யப்பட்டது. பின்னர் வயிறு ஊதி வருந்தியபோதே ஊசிகள் குத்தினார்கள். அவர் அதனைத் தெளிவாக எழுதியும் இருந்தார். ஆயினும் ஊசியை மட்டும் குத்தி வயிற்றைக் கிழித்தார்கள் என்ற கதையே ஊரெங்கும் பரவியது. செய்தியைச் சரியாக எழுதினால் போதாது, அதைச் சரியாக வாசிக்கவும் வேண்டும் என்று எங்கள் பழைய ஆசிரியர் புதிய உதவி ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லிக்காட்டுவார்.

உலர் ஊசியைப் பற்றியும் இன்று அவ்விதக் கதைகளே பரவுகின்றன. ஆய்வுகள் கூறுவது அடக்கமானது. கழுத்து நோவுக்குச் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் ஆறுதல் கிடைக்கலாம். நெடுங்காலப் பயனுக்குச் சான்று பலவீனம். தோலைத் துளைக்காத போலி ஊசியுடன் ஒப்பிட்டால் வேறுபாடு சிறுத்துவிடுகிறது. தசை முடிச்சு என்ற கருத்தே ஆட்டங்காணுகிறது என்று குவின்ற்னர், போவ், கோஹென் ஆகியோர் 2015இல் எழுதிய கட்டுரைக்கு முழுமையான மறுமொழி கிடைத்ததாக நான் கருதவில்லை. நீண்டகாலத் தாடை நோவுக்காக 2023இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட வழிகாட்டல் முதலிடம் கொடுத்தது தாடைப் பயிற்சிக்கும், கையால் செய்யும் சிகிச்சைக்கும், மனப்பயிற்சிக்கும்தான். இவையெல்லாம் விளம்பரத்துக்கு உதவாத வைத்தியங்கள். என் கொட்டாவியும் ஊசியினால் வந்ததா, அந்தப் பெண் கற்பித்த பயிற்சியால் வந்ததா, முப்பது ஆண்டுகளில் முதற் தடவையாக ஒருவர் அரைமணி நேரம் என் கழுத்தைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டதால் வந்ததா என்று சத்தியம் செய்து சொல்ல என்னால் இயலாது.

இதற்காக ஊசியை வெறுப்பவன் அல்லன் நான். பயன் சிறிதாயினும் நோவாளிக்கு அது பெரிது. என் ஆட்சேபம், குத்துவதற்கு முன்னர் செய்யவேண்டியதைச் செய்யாதவர்களைப் பற்றியது. நுரையீரலின் உச்சி காறையெலும்புக்கு மேலேயும் எட்டிப்பார்க்கிறது. தோள் தசையில் நேராக இறக்கும் ஊசி அங்கே போய்ச் சேரக்கூடும். 2013இல் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் டொரின் யேற்றர்-வாலஸுக்கு அதுதான் நேர்ந்தது. நுரையீரல் சுருங்கி வைத்தியசாலையில் கிடந்தார். பதின்ம வயதினர், தேறி அடுத்த ஆண்டே சோச்சி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். ஐம்பதைக் கடந்து சிகரட்டும் பிடித்த ஒருவர் அவ்வாறு எழுந்துவிடுவார் என்று யார் உத்தரவாதம் தருவது? வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழுடன் திரும்புபவரிடம் நான் என் கழுத்தைக் கொடுக்கமாட்டேன்.

அதனிலும் பெரியது ஒன்றுண்டு. எங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். 2004ஆம் ஆண்டு, அச்சுப் பிரதிகளுடன் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தவர் கதிரையில் அமர்ந்து இடது தாடையைத் தடவினார். "தம்பி, படி ஏறினால் தாடையும் கழுத்தும் இறுக்கிப் பிடிக்குது. கொஞ்சம் இருந்தால் விட்டிடும்" என்றார். நாள் முழுக்கக் குனிந்து வாசிப்பவருக்குக் கழுத்துப் பிடிக்காமல் என்ன செய்யும் என்று எண்ணி, "தைலம் பூசுங்கோ அண்ணை" என்றேன். அவரும் பூசினார். மூன்று வாரங்களின் பின்னர் ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் காலமானார். நடந்தால் வருவதும் இருந்தால் விடுவதுமான தாடை நோ இதயத்தின் நோவாக இருக்கலாம் என்பதை அந்த மரணச்சடங்கில் ஒரு வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். மரண அறிவித்தலை நானே எழுதினேன். இருபது ஆண்டுகள் கடந்தும் தைலப் போத்தலைக் கண்டால் எனக்கு அவர் முகம்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவருக்கு, மென்றுகொண்டிருக்கும்போது தாடை களைத்து நோகத் தொடங்கி, அதனோடு புதிதாகக் கன்னப்பொறியில் தலையிடியும், தலை சீவும்போது தோல் நோவும் இருந்தால் அது தமனி அழற்சியாக இருக்கக்கூடும். உரிய மருந்து விரைவாகக் கிடைக்காவிட்டால் கண்பார்வை போய்விடக்கூடும். தசைப்பிடிப்பு என்று இதற்கு ஊசி குத்திக்கொண்டிருந்தால் இழக்கும் ஒவ்வொரு நாளும் கண்ணுக்கே நட்டம்.

என்னைப் பார்த்த பெண் ஊசியை எடுக்கும் முன்னர் இவையனைத்தையும் கேட்டார். படி ஏறினால் நோ வருகிறதா, கண் மங்குகிறதா, கை விறைக்கிறதா, இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுக்கிறீர்களா என்று. அப்போது எனக்கு அது சலிப்பாயிருந்தது. ஊசியை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவார், நோவு கூடினால் யாரிடம் போகவேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நாலு தரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றார். நாலு தரத்துடன் நிறுத்தியும் விட்டார்.

தங்கைக்கு மறுநாள் அழைத்து, பத்துத் தரத்துக்கு முற்பணம் கட்டவேண்டாம் என்றேன். படி ஏறினால் நோகிறதா என்று அவர்கள் கேட்டார்களா என வினவினேன். இல்லையாம். முதலில் குடும்ப வைத்தியரிடம் போ என்றேன். "நீங்கள் சும்மா பயப்படுத்துறீங்கள்" என்று சினந்தாள். அந்த ஒப்புநோக்குநரின் கதையை அவளுக்கு அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எடுத்திருக்கிறாள்.