நரம்பு அல்ல, சிரை

காலில் நீலமாகப் புடைத்து நெளிந்திருப்பதைப் பார்த்ததும் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்கிறோம். இந்தப் பெயரிலிருந்துதான் பாதித் தவறுகள் கிளம்புகின்றன. சுருண்டிருப்பது நரம்பே அல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. நரம்புக்கென்று விழுங்கும் சத்து மாத்திரைக்கு இங்கே வேலையில்லை.

'நாள் முழுக்க நிற்கிறேன், காலுக்கு அதுவே உடற்பயிற்சி' என்று கடை ஊழியர்கள் பலர் நம்புகிறார்கள். நிற்பதும் நடப்பதும் ஒன்றல்ல. ரத்தம் பாதத்திலிருந்து மேலேற வேண்டும். அதை ஏற்றுவது கெண்டைக்கால் தசை. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அது சுருங்கிச் சிரையைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் இறங்கிவிடாமல் உள்ளிருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் கணுக்காலில் சிரையின் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். நடந்தால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். பரம்பரை, கர்ப்பகாலம், உடல் பருமன், வயது ஆகியவற்றோடு மணிக்கணக்கில் நிற்கும் வேலையும் சேர்ந்தால் வால்வு தளர்ந்து, ரத்தம் தேங்கி, சிரை விரிகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது சலுகை அல்ல, மருத்துவத் தேவை.

எண்ணெய் போட்டு நீவினால் சரியாகுமா? பழுதான வால்வை எந்த எண்ணெயும் சீராக்காது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது அழுத்தி நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலிக்கவில்லை என்பதும் சமாதானம் ஆகாது. கணுக்காலுக்கு மேல், உட்பக்கம் அரித்துக் கருத்தால், அடுத்து வரக்கூடியது மாதக்கணக்கில் ஆறாத புண்.

எல்லாவற்றையும்விடக் கெட்டது 'நரம்பில் கை வைத்தால் கால் விழுந்துவிடும்' என்ற பயம். காலின் ரத்தத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் தசைகளுக்குள் ஓடும் ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறது. தோலடிச் சிரை ஒன்றை அடைத்தால் ரத்தம் நல்ல வழியில் திரும்பிவிடும். இதய பைபாஸ் அறுவைக்குக் காலிலிருந்து எடுப்பது இதே தோலடிச் சிரையைத்தான். அந்த அறுவை செய்துகொண்டவர்கள் நன்றாகவே நடக்கிறார்கள். இன்று பெரும்பாலும் லேசரோ ரேடியோ அலையோ கொண்டு உள்ளிருந்தே சிரையை மூடிவிடுகிறார்கள். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

இறுக்கக் காலுறையும் உதவும். ஆனால் சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் ஓட்டத்தைச் சோதித்த பிறகே அணிய வேண்டும்.

உங்கள் அம்மாவின் கணுக்காலை இன்று ஒருமுறை பாருங்கள். கருத்திருந்தால் தைலத்தை ஒதுக்கிவிட்டு, சிரையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள்.